நிலாவெளியில் ஒரு முற்பகல் உணவு

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதி, உப்புவெளியையும் சாம்பல்தீவையும் கடந்து, கடலை வலப்புறத்தே காட்டியும் மறைத்தும் வடக்கு நோக்கி ஓடுகின்றது. ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சென்றதும் வருவது நிலாவெளி. உப்புவெளியில், வீதியோரமாகவே, இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்ட போர்வீரரின் கல்லறைத் தோட்டம் இருக்கின்றது. வரிசை குலையாத அந்த நடுகற்களைத் தாண்டிய பின் பட்டினத்தின் சந்தடி அடங்கி, பனையும் தென்னையும், இடையிடையே வெங்காயப் பாத்திகளும், அவற்றுக்கப்பால் நீலக் கோடாகக் கடலும் தோன்றத் தொடங்குகின்றன.

நிலவு பொழியும்போது வெண்மணற் பரப்பு முழுவதும் பாலாகிவிடுவதால் இவ்வூருக்கு நிலாவெளி என்று பெயர் வந்தது என ஊரவர் கூறுவர். பௌர்ணமி இரவில் அக்கரையில் நின்றவர் எவரும் இந்தப் பெயர்க்காரணத்தோடு வழக்காட முன்வரார்.

நிலாவெளி என்றதும் வாசகர்கள் புறாமலையை எதிர்பார்ப்பது இயல்பே. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் கடலுக்குள் நிற்கும் அந்த இரு சிறு தீவுகள், அங்கு கூடு கட்டும் மாடப்புறாக்களால் பெயர் பெற்றவை. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டவை. பவளப்பாறைகளின் அழகைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர்; அங்கு செல்வோர் பவளத்தின்மேற் கால்வைத்து நில்லாதிருந்தால் இனிமேலும் பலர் எழுதலாம். நிற்க. நாம் இன்று எழுதப் புகுந்தது புறாமலையைப் பற்றியன்று. அங்கே நீந்திக் களைத்துப் பத்தரை மணிக்குப் பசியோடு கரையேறுவோருக்கு உணவு சமைக்கும் ஓர் அடுக்களையைப் பற்றி.

கொழும்பையும் காலியையும் தென்மேற்குப் பருவமழை நனைக்கும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில், கீழ்க்கரையில் மழை பெய்வது அரிது. மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு வரும் காற்று இங்கே உலர்ந்து வெப்பமாக வீசுகின்றது. கச்சான் என்று அதற்குப் பெயர். கச்சான் வீசினால் வாய் உலரும், கிணறு வற்றும், கோபம் எளிதில் வரும். ஆயினும், அதே கச்சான்தான் இவ்வூருக்குச் சோறு போடுகின்றது. கடல் அமைதியடைவதால் உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர்; வெயிலும் காற்றும் சேர்வதால் உப்பளங்களில் உப்பு விளைகின்றது. பாத்தியில் விட்ட கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றிய பின்னரே உப்புப் படியத் தொடங்கும். நடுவே ஒரு பெருமழை பெய்தால் அத்தனை நாள் உழைப்பும் கரைந்துவிடும். 2025 ஆம் ஆண்டில், காலந்தப்பிய மழையினால் உப்பளங்கள் பலவும் பொய்த்து, நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நாடு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்ததை வாசகர்கள் மறந்திரார்.

நாம் குடும்பத்தோடு தங்கியது பெரிய ஹோட்டல் ஒன்றிலன்று. கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில், வீட்டின் பின்புறத்து மூன்று அறைகளை விருந்தினருக்கு விடும் ஒரு குடும்பத்தின் இல்லத்தில். இத்தகைய வீடுகள் இன்று நிலாவெளியில் பல உள. அவற்றின் கதை எளிதானதன்று. 1983 க்கு முன்னர் வெளிநாட்டார் விரும்பி வந்த கரை இது. பின்னர் கால் நூற்றாண்டுக்கு மேலாக யுத்தம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து, எஞ்சியிருந்தவற்றையும் வாரிச் சென்றது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் வீடுகளைத் திருத்தி அறைகளைக் கட்டினர். 2019 இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. 2020 இல் பெருந்தொற்று. 2022 இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாத நெருக்கடி. ஒவ்வொரு முறையும் அறைகள் வெறுமையாயின. அறைக்கு வாங்கிய கடன் மட்டும் வெறுமையாகவில்லை.

அவ்வீட்டு அம்மையார் நாற்பது வயதை அணுகியவர். கணவர் படகோட்டி. பிள்ளைகள் இருவர், மூத்த பையனுக்குப் பன்னிரண்டு வயது, இளையவளுக்கு எட்டு. அம்மையாரின் தாயார் சற்றுத் தள்ளி, வெங்காயத் தோட்டத்தை ஒட்டிய பழைய வீட்டிலேயே இருக்கிறார்.

விருந்தினர் வைக்கும் வீடுகளுக்குக் காலை உணவு ஒரு பெருஞ்சங்கடம். புறாமலைக்குப் படகேறுவோர் வெயில் ஏறுமுன் புறப்பட்டுவிடுவர். ஒரு தேநீரோடு போய், பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் திரும்புவர். காலை ஆகாரத்துக்கு நேரம் கடந்துவிட்டது. மதிய போசனத்துக்கு நேரம் வரவில்லை. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் ஒட்டிப் பிறந்த 'பிரஞ்ச்' என்ற சொல் இங்கே கைகொடுக்கின்றது. 1895 இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கில எழுத்தாளர், ஞாயிறு காலையில் தாமதமாக எழுவோர்க்கு இத்தகையதோர் உணவு வேண்டும் என்று பரிந்து கட்டுரை எழுதியபின் அது பரவியது. ஆனால் அதிகாலையில் கரைவலை இழுக்கப் போய், மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறியபின் வந்து முதற் கவளத்தை உண்ணும் நம் கடற்றொழிலாளர் இந்த உணவை எந்தக் கட்டுரையையும் வாசியாமலே உண்டு வந்தனர். அவர்களுக்கு அது தூக்கத்தினால் வந்த தாமதமன்று.

முன்பெல்லாம் இவ்வம்மையார் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முட்டைப் பொரியல் செய்வாராம். ஆறு பேர் வந்தால் ஆறு முறை அடித்து, ஆறு முறை பொரித்து, ஆறாமவர் உண்ணத் தொடங்கும்போது முதல்வர் தட்டைக் கழுவக் கொடுத்திருப்பார். சில ஆண்டுகளுக்கு முன் தங்கியிருந்த இத்தாலியத் தம்பதியர் இந்த அல்லலைப் பார்த்து, தம் நாட்டு வழக்கமொன்றைக் காட்டிக்கொடுத்தனர். பிரித்தாத்தா என்பது அதன் பெயர். பொரித்தது என்றே அதற்குப் பொருள். முட்டையோடு காய்கறியும் பாற்கட்டியும் சேர்த்து, மடியாமல், மெல்லிய நெருப்பில், அடை போலத் தடிப்பாக வேகவைத்து, துண்டுகளாக வெட்டிப் பரிமாறுவது. ஸ்பெயின் நாட்டார் உருளைக்கிழங்கிட்டும், பாரசீகத்தார் கீரை வகைகளை நிறைய இட்டும் இதன் உறவினங்களைச் செய்கின்றனர். ஏழை வீட்டில் முட்டை குறைவாகவும் உண்போர் அதிகமாகவும் இருக்கும் இடமெல்லாம் இப்படியோர் உணவு தோன்றியிருப்பதில் வியப்பில்லை.

“ஐயா, பொரியல் எண்டால் ஆளுக்கொண்டு. இது எண்டால் எல்லாருக்கும் ஒரு தாச்சி” என்று அம்மையார் இரண்டே வாக்கியத்தில் அதன் தத்துவத்தை எமக்கு விளக்கினார்.

பாற்கட்டிக்கு என்ன செய்தீர்கள் என்று எம் துணைவியார் கேட்டார். தொடக்கத்தில் பட்டினத்துக் கடையிலிருந்து சீஸ் வாங்கினாராம். 2022 இல் அது கடைகளிற் காண்பதற்கு அரிதாகி, கண்டாலும் வாங்க இயலாத விலையாயிற்று. அப்போதுதான், இவ்வளவு காலமும் வாசலுக்கு வந்துகொண்டிருந்த தயிர்ச் சட்டியை அவர் புதுக்கண்ணோடு பார்த்தார்.

திருகோணமலை மாவட்டத்து எருமைத் தயிரை அறியாதார் இலர். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் ஆகிய இடங்களிலிருந்து மண்சட்டிகளில் அது வருகின்றது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை தயிர்ச் சட்டிகளும் மனிதரோடு மனிதராகப் பாதையிலேறித்தான் துறையைக் கடந்தன. (இங்கே பாதை என்றது, வாகனங்களை ஏற்றி இழுக்கும் மிதவையை, தமிழ்நாட்டு வாசகர்கள் மயங்க வேண்டா.) எருமைப்பாலிற் கொழுப்பு, பசுப்பாலிலும் ஏறத்தாழ இருமடங்கு; மண்சட்டியும் நீரை உறிஞ்சிக்கொள்ளும்; ஆதலால் சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது என்று வியாபாரிகள் பெருமை பேசுவர். அம்மையார் செய்வது இதுதான்: ஒரு சட்டித் தயிரை, கழுவி உலர்த்திய வெள்ளைத் துணியிற் கொட்டி, ஒரு தேக்கரண்டி உப்புக் கலந்து, மூட்டையாகக் கட்டி, இரவு முழுவதும் தொங்கவிடுகிறார். நீர் வடிந்து காலையில் ஏறத்தாழப் பாதியாகி, விரலால் அழுத்தினால் தடம் பதியும் கட்டியாகக் கிடைக்கும். உருகி நூலாக இழுபடும் குணம் இதற்கில்லை. அதைத் தேடுவோர்க்கு ஏமாற்றமே. ஆனால், முட்டையின் நடுவே ஆங்காங்கே புளிப்பும் வெண்மையுமாகத் தங்கி நிற்பதில், கடைப் பாற்கட்டியிலும் இதுவே மேல் என்பது எம் தீர்ப்பு. குளிரூட்டும் வசதி உள்ளவர் மூட்டையை அதற்குள்ளேயே வடிய விடலாம்; கச்சான் வீசும் இரவுகளில் வெளியே தொங்கும் தயிர் சற்று அதிகமாகவே புளித்துவிடும். வடிந்த நீரை வீசுவதில்லை. பச்சைமிளகாயும் உப்புமிட்டு மோராக முதலிற் குடித்துவிடுவது இளைய மகள்.

இனி வெங்காயம். நிலாவெளி, கோபாலபுரம், குச்சவெளி ஆகிய பகுதிகளின் மணற்றரையில் விளையும் சின்ன வெங்காயத்துக்குத் தனி மதிப்பு உண்டு. விதை வெங்காயத்தை நட்டு, நாள்தோறும் கிணற்று நீர் இறைத்தால், இரண்டு இரண்டரை மாதத்திற் பிடுங்கலாம். அதன் இரகசியமெல்லாம் கிணற்றில் இருக்கின்றது. இக்கரையில் மணலுக்குக் கீழே மழைநீர் ஒரு மெல்லிய படையாக, பாரமான உவர்நீரின் மேல் மிதக்கின்றது. அளவோடு இறைத்தால் நன்னீர். பேராசையோடு இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். ஆழிப்பேரலையின் பின் கரையோரக் கிணறுகள் பலவும் உவராகி, பருவமழைகள் மண்ணைக் கழுவும் வரை பயன்படாது கிடந்தன. அம்மையாரின் தாயார் அந்த நாட்களில் தம் கிணற்று நீரை நாள்தோறும் நாவில் தொட்டுப் பார்த்தாராம். இன்று விருந்தினர் அறைகளிற் குளியற் குழாய்கள் பெருகப் பெருக அந்தக் கவலை அவருக்கு மீண்டிருக்கின்றது. அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எமக்குத் தோன்றியது. பிரயாணிகள் கடலிலிருந்து வந்து இருபது நிமிடம் நன்னீரில் நிற்பதை நாமே கண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மையார் சமைத்ததை அடுக்களை வாசலிலிருந்து பார்த்தோம். எட்டுப் பேருக்கான அளவு இது. முட்டை எட்டு; வடித்த தயிர்க்கட்டி 150 கிராம்; சின்ன வெங்காயம் 200 கிராம்; நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்று; கறிமிளகாய் இரண்டு; தக்காளி ஒன்று; ஒரு கைப்பிடி முருங்கையிலை; பச்சைமிளகாய் இரண்டு; மிளகுதூள், உப்பு; தேங்காயெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி.

உருளைக்கிழங்கை முன்னரே அவித்து வட்டமாக அரிந்திருந்தார். தக்காளியின் விதையையும் நீரையும் அகற்றினார். பின்பு தாச்சியில் எண்ணெய் விட்டு வெங்காயத்தை மட்டும் போட்டு, பொறுமையாக, பொன்னிறம் கொள்ளும் வரை வதக்கினார். கறிமிளகாயும் தக்காளியும் அதன் பின்னரே சென்றன, முருங்கையிலை கடைசியில். காய்கறியின் நீர் முற்றாக வற்றவேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். நீரோடு போன காய் முட்டையினுள்ளே மீண்டும் நீரை விடும். அடை அடியிற் சொதசொதத்து, வெட்டும்போது சிதறும். முட்டையையும் நுரைக்க அடிப்பதில்லை. வெள்ளையும் மஞ்சளும் கலந்தால் போதும். நுரை பொங்கி எழுந்து பின் அமிழ்ந்துவிடும் என்றார்.

நெருப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இந்த உணவின் வெற்றி தோல்வி அதிலேயே தங்கியிருக்கின்றது. முட்டையின் வெண்கரு 60 பாகை செல்சியசுக்குச் சற்று மேலேயே இறுகத் தொடங்கும். மஞ்சட்கரு 65 பாகையை அணுகித் தடிக்கும். அதற்கு மேலும் அதிக சூடேற்றினால் இறுகிய சதை தன்னுள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளி, தோல் போலாகிவிடும். ஆகவே மெல்லிய சூடு வேண்டும். ஆனால் இரண்டு விரற்கடைத் தடிப்புள்ள அடையின் மேற்புறம் மெல்லிய சூட்டில் வேகாது. இத்தாலியர் அதைத் தட்டில் கவிழ்த்துப் புரட்டுவர், அல்லது சூளையடுப்புக்குள் வைப்பர். அம்மையாரிடம் சூளையடுப்பு இல்லை. எட்டு முட்டை அடையைக் கவிழ்க்கவும் அவருக்குத் துணிவில்லை. 2022 இல் எரிவாயுவுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, அவர் விறகடுப்புக்குத் திரும்பினார். அப்போது தாயாரின் பழைய முறை நினைவுக்கு வந்தது. கேக் வேகவைக்க முற்காலத்தில் நம் வீடுகளிற் கையாண்ட, மேலும் கீழும் தணலிடும் முறைதான் அது. சிரட்டையை எரித்துத் தணலாக்கி, அடியிற் கொஞ்சம் வைத்து, தாச்சியைத் தடித்த தகரத் தட்டால் மூடி, தட்டின் மேல் மிகுதித் தணலை வட்டமாகப் பரப்புகிறார். முட்டையை ஊற்றி, தயிர்க்கட்டியைப் பாக்களவு துண்டுகளாக மேலே தூவி, ஓரம் இறுகும் வரை ஏழெட்டு நிமிடம் திறந்தபடி. பிறகு தணல் மூடியோடு ஐந்தாறு நிமிடம். மூடியை எடுத்தபோது மேற்புறம் பொன்னிறமாகப் புடைத்திருந்தது. நடுவில் அசைத்தால் மெல்ல நடுங்கும் நிலையில் இறக்கி, பத்து நிமிடம் ஆறவிட்டார். அந்தச் சூட்டிலேயே நடுவும் இறுகிவிடுகின்றது. இப்போது எரிவாயு கிடைக்கின்றது. ஆயினும் இந்த ஒரு உணவுக்கு அவர் சிரட்டையை விடவில்லை.

வெட்டும்போதுதான் நாம் ஒன்றைக் கவனித்தோம். அன்று விருந்தினர் ஆறு பேர். அம்மையார் அடையை எட்டாக வெட்டினார். ஆறு துண்டுகள் மேசைக்குச் சென்றன. இரண்டு துண்டுகள், ஒரு தட்டால் மூடி, அடுக்களைப் பலகையிலேயே இருந்தன.

எம் துணைவியார் அதைப் பற்றி வினவியபோது, அம்மையார் சற்றுத் தயங்கிப் பதில் சொன்னார். நெருக்கடிக் காலத்தின் பின் முட்டை விலை ஏறி, ஒன்று ஐம்பது ரூபாயையும் கடந்தது. 2023 இல் அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்தது. அந்நாளில் இவர் வீட்டுக் கோழிகள் இட்ட முட்டைகளையும் விருந்தினருக்கே எடுத்து வைத்தார்; விருந்தினர் இல்லாதபோது அயலிலுள்ள முஸ்லிம் குடும்பத்தாரின் கடையில் விற்றார். பிள்ளைகள் பாணையும் சம்பலையும் உண்டனர். ஒருநாள் பாடசாலையிலிருந்து வந்த மகள், “அம்மா, நான் வெள்ளைக்காரியாப் பிறந்திருந்தால் முட்டை தருவீங்களே?” என்று கேட்டாளாம். கோபித்தும் கேட்கவில்லை, அழுதும் கேட்கவில்லை, அறிய விரும்பியே கேட்டாள்.

“அண்டைக்குப் பிறகு தாச்சியைப் பெரிசாக்கிப் போட்டன், அக்கா” என்றார் அம்மையார்.

தனித்தனிப் பொரியலில் இதைச் செய்ய முடியாது. ஆளுக்கு இரண்டு முட்டை என்று விருந்தினர் எண்ணிக் கேட்பர். ஒரே அடையாகச் செய்யும்போது, எட்டு முட்டைக்குள் வெங்காயமும் கிழங்கும் கீரையும் தயிரும் சேர்ந்து எட்டுத் துண்டும் நிறைவாக இருக்கின்றன. ஆறு பேரும் திருப்தியடைகின்றனர், இருவரும் உண்கின்றனர். இதற்கான செலவை அறை வாடகையில் அவர் மறைக்கவுமில்லை. காலை உணவு, வீட்டாருடன் ஒரே தாச்சியில் சமைக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டு வேறிடம் சென்றவர்களும் சிலர் உண்டாம். பெரும்பாலோர் அடுக்களைக்குள் வந்து எட்டிப் பார்க்கின்றனர்.

மேசையில் அடையோடு பாணும், தேங்காய்ச் சம்பலும், வெள்ளரித் துண்டுகளும் இருந்தன. முதலில் நாவுக்குத் தெரிவது வதங்கிய வெங்காயத்தின் இனிப்பு. அதன் பின் முருங்கையிலையின் இலேசான கைப்பு. புளித்த தயிர்க்கட்டி இடையிடையே வந்து இரண்டையும் தட்டி எழுப்புகின்றது. மேற்புறத்தில் சிரட்டைப் புகையின் வாசம் மெல்லத் தங்கியிருந்தது. சம்பல் இதற்குத் தேவையில்லை என்று எம் மூத்த மகன் வாதித்தான். அருகிலிருந்த ஜேர்மானியர் இருவரும் சம்பல் முழுவதையும் உண்டு அவன் வாதத்தைத் தோற்கடித்தனர்.

வீட்டிற் செய்து பார்க்க விரும்பும் வாசகர்கள், தணலுக்குப் பதிலாகத் தாச்சியை இறுக மூடி, மிகக் குறைந்த நெருப்பில் பதினைந்து நிமிடம் வைக்கலாம். மேற்புறம் பொன்னிறமாகாது, ஆயினும் வெந்துவிடும். முருங்கையிலை கிடைக்காத தேசங்களில் வாழ்வோர் பசளிக்கீரையைப் பயன்படுத்தலாம், ஆனால் அதை வதக்கிப் பிழிந்தபின். சின்ன வெங்காயத்துக்குப் பதிலாகப் பெரிய வெங்காயம் இடுவோர் இன்னும் பத்து நிமிடம் கூட வதக்கவேண்டும். வெப்ப நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதை வெளியே வைத்திருப்பது நன்றன்று. நாம் பார்த்த வீட்டில் அந்தப் பிரச்சினை எழவில்லை. மேசையை நாம் விட்டு எழுவதற்குள் அடுக்களைப் பலகையிலிருந்த தட்டு வெறுமையாயிற்று. பையன் தன் துண்டிற் பாதியை வாழையிலையிற் சுற்றி, தோட்டத்தில் நீர் இறைத்துக்கொண்டிருந்த அம்மம்மாவுக்குக் கொடுப்பதற்காகச் சைக்கிளை எடுத்தான்.